பலூனா, குரும்பட்டியா, மொடல் பெட்டியா, டப்பா?

மாசி மாதம் ஒரு இரவு வட்ஸ்அப்பில் குரல் ஒன்று வந்தது. எங்கள் கொட்டிலில் இரசாயனம் படித்துப்போய் இப்போது கனடாவில் இருக்கும் பிள்ளை. "சேர், இந்தமுறை உங்கட பிள்ளையளுக்கு ஏதும் வாங்கி அனுப்பலாம் எண்டு நினைக்கிறன். மூலக்கூறு செய்யிற மொடல் பெட்டி அனுப்பட்டோ, இல்லாட்டி டப் ஒண்டு வாங்கட்டோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். யோசிக்க மூன்று கிழமை பிடித்தது.

டப் (அதுதான், தொடுதிரைக் கணினி) என்று உடனே சொல்லியிருந்தால் வகுப்பே என்னைத் தோளில் தூக்கியிருக்கும். ஆனால் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே இத்தனை வருடம் உயர்தர இரசாயனம் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். மெதேன் நான்முகி (நான்கு முக்கோண முகமுள்ள வடிவம்), அமோனியா முக்கோணக் கூம்பகம், நீர் கோண வடிவம் என்று மூலக்கூறு வடிவங்களை எல்லாரும் பாடமாக்கி வைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் மேசையைப் பார்ப்பார்கள். அதனால் எந்தச் சாமான் வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதைக் கையில் கொடுத்தால் பிள்ளை 'ஏன்' என்று கேட்குமா?

முதலில் மொடல் பெட்டி. என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது. கறுப்பு காபன், வெள்ளை ஐதரசன், சிவப்பு ஒட்சிசன், நீலம் நைதரசன், பச்சை குளோரீன். இந்த நிற வழக்கத்துக்கு வயது 160க்கு மேல். ஹொஃப்மன் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் 1865இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் பேசியபோது, குரோக்கே விளையாட்டுப் பந்துகளுக்கு நிறம் பூசிக் கம்பி செருகிக் காட்டினார். அந்த நிறங்களைத்தான் இன்றைக்கும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

பெட்டியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: உருண்டையில் உள்ள துளைகளில். காபன் உருண்டையில் நான்கு துளைகளும் 109.5 பாகையில் ஏற்கெனவே குடையப்பட்டிருக்கும். குச்சியைச் செருகினால் மெதேன் தானாக நான்முகியாக வந்துவிடும். பிழை விட வழியே இல்லை, ஆகவே யோசிக்கவும் வழியில்லை. நீர் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை சிவப்பு உருண்டையைத் தூக்கிக் காட்டிச் சொன்னது: "துளை அப்பிடித்தானே சேர் இருக்கு." எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்தப் பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. அதன் கையில் இருந்த உலகத்தில் அதுதான் காரணம்.

இன்னொரு குறை. சாதாரணப் பெட்டிகள் காபன் சேர்வைகளைப் பற்றிய சேதன இரசாயனத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கந்தக அறுபுளோரைட்டுக்கு ஆறு துளை உருண்டை வேண்டும், பொசுபரசு ஐங்குளோரைட்டுக்கு ஐந்து துளை வேண்டும். செனன் நாற்புளோரைட்டு, குளோரீன் முப்புளோரைட்டு என்று பரீட்சைத் தாளில் வருகிற ஆட்களுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. அப்புறம், வெள்ளை உருண்டைகள். எந்த வகுப்பிலும் முதலில் காணாமல் போவது ஐதரசன்தான். மேசையில் இருந்து உருண்டு, சீமெந்துத் தரை வெடிப்பில் விழுந்து, பிறகு யாரோ வீட்டுத் தம்பியின் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

ஆனால் சேதனப் பகுதிக்கு வந்துவிட்டால் பெட்டிக்கு ஈடில்லை. தயிரில் இருக்கும் லக்ரிக் அமிலத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பொருத்தப் பார்க்கவேண்டும். பொருந்தாமல், வலக்கையும் இடக்கையும் போல முறைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கணத்தைக் கரும்பலகையில் வரைய முடியாது. இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமா, எதிர்ப்பக்கமா என்கிற சிஸ், திரான்சு வேறுபாடும் அப்படித்தான். தனிப்பிணைப்பு சுழலும், இரட்டைப் பிணைப்பு சுழலாது என்பதைப் பிள்ளையின் விரலே சொல்லிக்கொடுக்கும்.

இனி, காசில்லாத வழி. குரும்பட்டி என்கிற தென்னம்பிஞ்சும் ஓலை ஈர்க்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை; சின்ன வயதில் குரும்பட்டித் தேர் செய்யாத ஆள் யார்? தென்னைக்குக் கீழே விழுந்து கிடக்கிற குரும்பட்டியைக் காபனாக வைத்து, ஈர்க்கைப் பிணைப்பாகக் குத்தி, நுனியில் பிசைந்த கோதுமை மா உருண்டையை ஐதரசனாக ஒட்டினால் மெதேன். பச்சைச் சுண்டங்காய் குளோரீன். களிமண்ணிலும் செய்து பார்த்தேன். குளத்துக் களி நல்ல களிதான், ஆனால் ஈர்க்கு பாரத்தில் சரியும், காய்ந்தால் வெடிக்கும். குரும்பட்டி பிடித்த பிடியை விடாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துளை இல்லாத குரும்பட்டியைக் கொடுத்து மெதேன் செய் என்றால், பத்தில் ஒன்பது பிள்ளைகள் நான்கு ஈர்க்கையும் கூட்டல் குறி மாதிரித் தட்டையாகக் குத்துவார்கள். கொப்பியில் அப்படித்தானே வரைகிறோம்? ஹொஃப்மனின் 1865 மெதேனும் தட்டையாகத்தான் இருந்தது. ஆக, பிள்ளைகள் விடுவது மரியாதையான பிழை.

அந்தப் பிழையை நான் உடனே திருத்துவதில்லை. இரண்டு ஐதரசனைக் கழற்றிவிட்டு இரண்டு சுண்டங்காய் குத்தச் சொல்வேன்: இருகுளோரோமெதேன். போனமுறை ஒரு பெடியன் சுண்டங்காய்களைப் பக்கத்தில் பக்கத்தில் குத்தினான். பின்வாங்கில் ஒரு பிள்ளை எதிரெதிரே குத்தியிருந்தது. இரண்டையும் மேசையில் வைத்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று மற்றதாகாது. "அப்ப இருகுளோரோமெதேன் ரெண்டு வகை இருக்கவேணும். இருக்கோ?" என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒரு வகைதான் இருக்கிறது, ஒரே கொதிநிலைதான். கொட்டில் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. பிறகு அந்தப் பெடியன் ஈர்க்குகளைப் பிடுங்கி, மூன்றை முக்காலி மாதிரிக் கீழேயும் ஒன்றை மேலேயும் குத்தினான். எந்த மூன்று காலில் வைத்தாலும் நிற்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுண்டங்காயை எந்த இரண்டு முனையில் குத்தினாலும் சுழற்றினால் ஒரே ஆள்தான் என்று கண்டதும் அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

இதே வழியில்தான் 1874இல் வான்ட் ஹொஃப் என்ற 22 வயதுப் பெடியன் காபன் நான்முகி என்று சொன்னார். பிரான்சில் லெ பெல் என்பவரும் அதே வருடம் தனியாக அதே முடிவுக்கு வந்தார். வான்ட் ஹொஃப் கடதாசியில் சின்னச் சின்ன நான்முகிகள் மடித்து மற்ற விஞ்ஞானிகளுக்கு அனுப்பியிருக்கிறார். கோல்பே என்ற பெரிய பேராசிரியர், மிருக வைத்தியப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அச்சிலேயே நக்கல் அடித்தார். இரசாயனத்துக்கான முதல் நோபெல் பரிசு 1901இல் அந்த மிருக வைத்தியப் பள்ளிக்கூடத்து ஆளுக்குத்தான் போனது, வேறொரு வேலைக்காக. குரும்பட்டியோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன்.

குரும்பட்டியின் குறை: நான்முகி என்று காட்டும், ஆனால் ஏன் நான்முகி என்று காட்டாது. ஈர்க்குக்கு ஈர்க்கைத் தள்ளுகிற குணம் இல்லை. ஒரு கிழமையில் வாடிச் சுருங்கவும் செய்யும்.

அந்த 'ஏன்'தான் பலூனின் வேலை. இரண்டு பலூனை ஊதிக் கழுத்தோடு கழுத்து முடிந்தால் 180 பாகையில் நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று முடிந்தால் 120இல் தள முக்கோணம். இரண்டு சோடிகளை ஒன்றுக்குள் ஒன்று முறுக்கினால் நான்முகி. ஐந்து முக்கோண இருகூம்பகம், ஆறு எண்முகி. யாரும் வளைக்கவில்லை, துளை குடையவில்லை. இடம் போதாமல் தாங்களே விலகிப் போய் நிற்கின்றன. நான்கு பலூன் கட்டை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, மேசையில் வைத்து இரண்டு கையாலும் தட்டையாக அமுக்கிப் பிடி என்பேன். பிடித்துக்கொண்டிருக்கும். இனி விடு என்பேன். கையை எடுத்த உடனே துள்ளி எழும்பி நான்முகியாகிவிடும். வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை என்று மூச்சு வாங்கச் சொல்கிற பெயருக்குள் இருப்பது அந்தத் துள்ளல்தான். 1940இல் சிட்விக்கும் பவலும் தொடங்கி வைத்து, 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் ஒழுங்காக்கிய கொள்கை அது.

பிணைப்பில் சேராத இலத்திரன் சோடிக்கு, அதாவது தனிச்சோடிக்கு, வேறு நிறத்தில் கொஞ்சம் பெரிதாக ஊதிய பலூன். ஒன்று பெரிதானால் மற்ற மூன்றும் ஒடுங்கும்: அமோனியாவில் 107. இரண்டு பெரிதானால் இன்னும் ஒடுங்கும்: நீரில் 104.5. பரீட்சையில் இலத்திரன் சோடிக் கேத்திரகணிதம் வேறு, வடிவம் வேறு என்று பிரித்துக் கேட்பார்கள்; பிள்ளைகள் குழம்புகிற இடமும் அதுதான். பலூனில் அது ஒரு நிமிட வேலை. எல்லாப் பலூனையும் பார், அது கேத்திரகணிதம். தனிச்சோடி நிறத்தைக் கண்ணுக்குள் அழித்துவிட்டுப் பார், அது வடிவம். செனன் நாற்புளோரைட்டில் ஆறு பலூன், அதில் இரண்டு தனிச்சோடி, அவை ஒன்றுக்கொன்று எதிரே போய் நிற்கும், மிச்சம் தளச் சதுரம்.

ஒரு எச்சரிக்கை. சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் பலூனை அணு என்று நினைத்துக்கொள்வார்கள். நடு முடிச்சுத்தான் மைய அணு. பலூன், இலத்திரன் சோடி இருக்கிற இடம். அப்புறம், பலூன் சொல்வதை எல்லா இடத்திலும் நம்பவும் கூடாது. நீரைப் போலவே இரண்டு பிணைப்பும் இரண்டு தனிச்சோடியும் உள்ள ஐதரசன் சல்பைட்டின் கோணம் 92 பாகைதான். எவ்வளவு பெரிய பலூன் ஊதியும் அந்த 92ஐ நேர்மையாகக் காட்ட என்னால் முடியவில்லை.

பங்குனி வெயிலில் தகரத்துக்குக் கீழே பலூன் வெடிக்கும். வெடித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். போர் முடிந்த 2009இல் இவர்களில் பலர் பிறக்கவில்லை, பிறந்தவர்கள் கைக்குழந்தைகள். கரும்பலகைப் பக்கம் நிற்கிற எனக்குத்தான் தோள் தானாகக் குனியும். பிள்ளைகள் அதைக் கவனித்திருக்கவேண்டும்; இப்போது யாரும் முக்கால்வாசிக்கு மேல் ஊதுவதில்லை. வடிவத்துக்கு அது போதும்.

சரி, டப். இதற்கு நான் எதிரி இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டத்தில் மூலக்கூறு வடிவங்களுக்கென்று ஒரு இலவசக் கணினிப் பாவனையாக்கம் இருக்கிறது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். பிணைப்பைச் சேர்க்கலாம், தனிச்சோடியைச் சேர்க்கலாம், கோணத்தை எண்ணில் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, மாதிரி சொல்வதையும் உண்மை மூலக்கூறையும் மாற்றி மாற்றிக் காட்டுவது. மாதிரியில் குளோரீன் முப்புளோரைட்டு 90 பாகை, உண்மையில் 87.5. மாதிரி வேறு, மூலக்கூறு வேறு என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொள்கிற சாமான் வேறெதுவும் என்னிடம் இல்லை.

ஆனால் ஒரு டப், 22 பிள்ளைகள். ஒருவர் விரலால் சுழற்ற மற்ற 21 பேரும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். அதோடு கண்ணாடித் திரையில் சுழல்வதைப் பார்த்த பிள்ளை, கடதாசியில் முன்னே வருவதற்கு ஆப்புக்கோடும் பின்னே போவதற்குப் புள்ளிக்கோடும் போட்டு வரைய வரும்போது திணறுகிறது. கையில் பிடித்துத் திருப்பிய பிள்ளை அவ்வளவு திணறுவதில்லை. இது என் கொட்டிலில் நான் கண்டது. வேறு இடத்தில் வேறு மாதிரி இருக்கலாம். இன்னொன்று, அந்தப் பாவனையாக்கம் என் போனிலேயே ஓடுகிறது. அதற்காக ஒரு டப் தேவையா?

இவ்வளவும் மூலக்கூறுக்குள்ளே நடக்கிற விஷயம். மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையில் நடப்பதைக் காட்டுவதில் நான்கு சாமானுமே தோல்விதான். அதிலும் பெட்டி கெடுதலே செய்கிறது. தண்ணீர் கொதிக்கும்போது என்ன நடக்கிறது என்று காட்டச் சொன்னேன். ஒரு பிள்ளை நீர் மூலக்கூறை எடுத்து, 'டக்' என்று இரண்டு வெள்ளை உருண்டையையும் பிடுங்கி மேலே தூக்கியது. அப்படி நடந்தால் கேத்தலில் இருந்து வருவது ஐதரசனும் ஒட்சிசனும்; பக்கத்தில் அடுப்பு எரிந்தால் குசினிக் கூரை மிஞ்சாது என்றேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐந்தாறு நீர் மூலக்கூறுகளைச் செய்து, ஒன்றின் ஐதரசனில் இருந்து மற்றதன் ஒட்சிசனுக்குத் தையல் நூல் கட்டவேண்டும். நூல்தான் ஐதரசன் பிணைப்பு. கத்தரிக்கோலால் நூலை வெட்டினால் தண்ணீர் கொதிக்கிறது. குச்சியைப் பிடுங்கினால் அது கொதித்தல் இல்லை, மின்பகுப்பு. குச்சிக்கும் நூலுக்கும் உள்ள வித்தியாசம் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: நீரில் உள்ள ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பை உடைக்க மூலுக்குச் சுமார் 463 கிலோயூல் வேண்டும், ஐதரசன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். அந்த மெல்லிய நூல் இல்லாத ஐதரசன் சல்பைட்டு −60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீரும் அப்படி இருந்திருந்தால் இரணைமடுவில் எந்த மாரியிலும் வான்கதவு திறக்க வேலை இருந்திராது.

வடிவத்துக்கும் மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைக்கும் உள்ள உறவைக் காட்ட, வாங்குகிற எந்தச் சாமானையும் விட வீட்டுச் சாமான் நல்லது. தைப்பனிக் காலத்தில் விடியப்பறம் எழும்பிப் பார்த்தால் போத்தலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். பக்கத்தில் இருக்கிற நல்லெண்ணெய் உறையாமல் நிற்கும். நல்லெண்ணெயின் சங்கிலிகள் இன்னும் நீளமானவை, ஆகவே அதுதான் முதலில் உறையவேண்டும் என்று பிள்ளை எதிர்பார்ப்பது நியாயம். இந்த இடத்தில் ஈர்க்கு விளக்குமாறை அவிழ்ப்பேன். நேரான ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றோடு ஒன்று முழு நீளத்துக்கும் ஒட்டிக் கிடக்கும். நடுவில் முறித்து வளைத்த ஈர்க்குகளை அதே கயிற்றால் கட்டிப் பார். எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி விட்டுப் புடைத்துக்கொண்டு நிற்கும். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலானவை இரட்டைப் பிணைப்பு இல்லாத நேர்ச் சங்கிலிகள். நல்லெண்ணெயில் பெரும்பாலானவை சிஸ் இரட்டைப் பிணைப்பால் நடுவில் வளைந்தவை. இந்தச் சங்கிலிகளை ஒன்றோடு ஒன்று பிடித்து வைக்கிற லண்டன் விசை, தொட்டுக்கொண்டிருக்கிற பரப்பில் வேலை செய்கிற விசை. தொட முடியாதவர்கள் சேர்ந்து உறைவது கடினம். விளக்குமாறு கொண்டுவந்த அன்று வகுப்பு முடிந்தும் யாரும் எழும்பவில்லை.

முனைவுத்தன்மைக்கு (மூலக்கூறில் இலத்திரன்கள் ஒரு பக்கம் கூடி நிற்பதற்கு) கயிறிழுத்தல் போதும். சமபலமான இரண்டு அணி நேர்கோட்டில் இழுத்தால் நடு முடிச்சு அசையாது: காபனீரொட்சைட்டு. அதே இரண்டு அணியும் கோணத்தில் நின்று இழுத்தால் முடிச்சு ஒரு பக்கம் போகும்: நீர். மேற்பரப்பு இழுவிசைக்கு ஐந்து ரூபாய்க் குற்றியும் கண்மருந்துப் போத்தலும். தண்ணீர்த் துளிகள் விளிம்புக்கு மேலே கூம்பி நிற்கும், ஸ்பிரிட் அதற்கு முன்பே வழிந்துவிடும்.

மின்னேற்றமுள்ள அணுக்களான அயன்கள் சேர்கிற அயன் பிணைப்புக்கோ பெட்டியும் வேண்டாம், பலூனும் வேண்டாம். சோடியம் குளோரைட்டில் தனி மூலக்கூறு என்று ஒன்றில்லை. ஆனையிறவு உப்பில் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்து ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தால், அந்தச் சதுரப் பக்கங்களே உள்ளே அயன்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடும். பரந்தனில் ஒருகாலத்தில் எரிசோடாவும் குளோரீனும் செய்த தொழிற்சாலை இருந்ததையும் அந்த நேரம் சொல்வேன். தாத்தாமார் அங்கே வேலை செய்ததாக ஓரிரு பிள்ளைகள் சொல்வதுண்டு.

மூன்று கிழமை கழித்துக் கனடாவுக்குக் குரல் அனுப்பினேன். டப் வேண்டாம் பிள்ளை. முதல் பாடம் பலூனில்தான், ஆனபடியால் கையால் அடிக்கிற பலூன் பம்ப் ஒன்று அனுப்பு. 22 பிள்ளைகள் வாயால் ஊதி முடிக்கவே ஒரு பாடவேளை போகிறது. இரண்டாம் பாடத்துக்குக் குரும்பட்டி இங்கே நிறையக் கிடக்கிறது. மொடல் பெட்டி சேதனப் பகுதிக்குக் கட்டாயம் வேண்டும், இரண்டு அனுப்பு, ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க ஒரு பெட்டி போதாது.

இவ்வளவையும் சொல்லி அனுப்பிவிட்டு, ஞாபகம் வந்து இன்னொரு குரலும் போட்டேன்: "பிள்ளை, அந்த வெள்ளை உருண்டை தனியா விப்பினமெண்டால், ஒரு பை கூடவே போட்டு விடு."